பந்தலுக்கு வெளியே

எங்கள் வீட்டில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழும் வழக்கம் கிடையாது. அக்கா பாடுவாள். ரேடியோவில் ஒரு பாட்டு ஒருமுறை போனால் போதும், மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது இடையிசை உட்பட அது அவள் வாயில் இருக்கும். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வரிசையில் எல்லாம் ஓட்டு வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அவள் பாடினால் தெருவில் பாதிப் பேருக்குக் கேட்கும். "உங்க பொண்ணு என்னமா பாடுது!" என்று யாராவது சொன்னால், "ஏதோ முணுமுணுக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அன்று இரவே அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அக்காவைச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி ஏறவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்று கணக்கு.

இது எழுபதுகளின் பெங்களூர். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பங்கள் எங்களுடையவை. பிள்ளைக்குத் தானாக அமைந்த ஒரு திறமையை ஏன் அப்படி மறைத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். கண் படும் என்ற பயம் ஒன்று. தலைக்கனம் வந்துவிடும் என்ற கவலை இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் பிழைப்பு பற்றிய பயம் இருந்தது. பாட்டு சோறு போடாது. அதிலும் பெண்பிள்ளை மேடையில் பாடினால் கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆகவே பெருமை நெஞ்சுக்குள் இருக்கும், வாசலுக்கு வராது. அதனால் அது இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கு வாய் நிறையப் புகழும் பெற்றோர்களைப் பார்க்கும்போது எனக்கு அப்பாவின் பெருமைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அதை அவர் சொல்லவே இல்லை. பதிலாக அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அப்பா தறி ஓட்டினார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே காது மந்தப்பட ஆரம்பித்துவிடும். கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். பேசுவது கேட்கும், சொல் தெளியாது. மில்லுக்குள்ளே ஒருவருக்கொருவர் கை ஜாடையிலும் உதட்டசைவிலும்தான் பேசிக்கொள்வார்கள். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் எங்கள் உதடுகளைப் பார்த்தபடிதான் பேசுவார். அக்கா பாடும்போது அவளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் பாட்டில் எவ்வளவு அவருக்குக் கேட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் எங்களுக்கு வாய் வந்ததில்லை.

ராமநவமி வந்தால் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டுவிடுவார்கள். ஸ்ரீராமசேவா மண்டலியின் கச்சேரிகள். எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் 1939-இல் தொடங்கியது அது. எம்.எஸ்., செம்மங்குடி, பாலமுரளி என்று பாடாத பெரியவர்கள் இல்லை. வாரக்கணக்கில் நடக்கும். உள்ளே உட்காரச் சீட்டு வேண்டும். ஆனால் ஒலிபெருக்கிக்குச் சீட்டுப் பார்க்கத் தெரியாது. பந்தலுக்கு வெளியே நடைபாதையில், மர நிழலில், சைக்கிள் மேல் சாய்ந்தபடி ஒரு பெரிய கூட்டம் கச்சேரி கேட்கும். ஆபீஸ் முடிந்து டிபன் பாக்ஸோடு வந்தவர்கள், பூ விற்கிறவர்கள், பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பாவும் இருப்பார். மில் ஷிப்ட் முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிவப்பு நிற பி.டி.எஸ். பஸ்ஸில் மெஜஸ்டிக் போய், அங்கே மாறி சாமராஜபேட்டைக்குப் போவோம்.

அப்பா ஒலிபெருக்கியைப் பார்த்து நிற்கமாட்டார். கூட்டத்தைப் பார்த்து நிற்பார். சங்கீதம் தெரிந்த யாராவது ஒரு பெரியவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால், அவருக்குப் பக்கத்தில் அக்காவை உட்கார வைப்பார். பிறகு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். பாட்டில் ஒரு நல்ல இடம் வரும்போது பெரியவரின் தலை ஆடும். அதற்கு ஒரு நொடி முன்னாலேயே அக்காவின் தலை ஆடியிருக்கும். அப்பா காத்திருந்தது அந்த ஒரு நொடிக்காகத்தான். காது கைவிட்ட ஒரு மனிதர் தன் மகளின் சங்கீத ஞானத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு ஈடாக எந்தப் பாராட்டுச் சொல்லையும் என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. திரும்பி வரும்போது, "தூக்கம் வருதா?" என்று மட்டும் அவளைக் கேட்பார்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மல்லேஸ்வரம். அங்கே ஒரு கன்னட அம்மா பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அக்காவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் அப்பாதான். அம்மா பிழைப்பைச் சொல்லித் தடுத்துப் பார்த்தாள். அப்பா பதில் பேசவில்லை. காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், பாட்டு அம்மா வீட்டுத் திண்ணையில் பாடம் முடிகிறவரை உட்கார்ந்திருப்பார். வாரச் சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கு முன்பே அந்த அம்மாவுக்கான பணம் தனியாக எடுத்து வைக்கப்படும். அக்கா கர்நாடக அரசின் ஜூனியர் இசைத் தேர்வில் தேறினாள். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். அவள் கச்சேரி மேடை ஏறவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

அப்பாவைப் போலப் பிள்ளையின் திறமையைக் கண்டுகொண்ட இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பாடகி பெங்களூர் நாகரத்னம்மாவைப் பற்றி வி. ஸ்ரீராம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது, நான் அதிகம் தங்கி நின்றது நாகரத்னம்மாவிடம் அல்ல, அவருடைய தாயிடம். பெயர் புட்டலக்ஷ்மி. தேவதாசி மரபில் வந்தவர். 1878-இல் நஞ்சன்கூட்டில் மகள் பிறந்தாள். ஆதரித்து வந்த மைசூர் வக்கீல் கைவிட்டுப் போனார். கையில் குழந்தை, துணைக்கு யாருமில்லை. குழந்தையின் குரலையும் அறிவையும் அந்தத் தாய் மிகச் சீக்கிரம் கண்டுகொண்டார். மைசூர் அரண்மனையோடு தொடர்புள்ள ஒரு பண்டிதரிடம் சமஸ்கிருதமும் சங்கீதமும் படிக்க வைத்தார். அந்த ஆசிரியரோடு மனக்கசப்பு ஏற்பட்டது. என் மகள் பேர் வாங்கிய பிறகுதான் இந்த ஊருக்குத் திரும்புவேன் என்று சபதம் செய்து புட்டலக்ஷ்மி மைசூரை விட்டுக் கிளம்பினார்.

அந்தக் காலத்தில் அப்படிக் கிளம்புவது என்றால் என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம், சென்னை என்று தேடி அலைந்துவிட்டுக் கடைசியில் பெங்களூர் வந்தார்கள். இங்கே முனுசாமப்பா என்பவரிடம் மகளைச் சேர்த்தார். அவர் வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் சீடர், அதாவது தியாகராஜரின் நேர்ச் சீடர் வழியில் வந்தவர். நடனம், வயலின், தெலுங்கு, ஆங்கிலம் என்று தாய் எதையும் விட்டுவைக்கவில்லை. பாட்டுக்கு மட்டும் தீனி போட்டு மற்றதைப் பட்டினி போடாமல் முழுப் பிள்ளையையும் வளர்த்தார். இந்த இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் முத்துப்பழனி எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தின் ஓர் அச்சுப் பதிப்பைப் பார்த்துவிட்டு, இதில் செய்யுள்கள் நீக்கப்பட்டிருக்கின்றன, இதை எழுதிய பெண்ணைப் பற்றிய செய்தியும் மறைக்கப்பட்டிருக்கிறது என்று நாகரத்னம்மாவால் சொல்ல முடிந்தது. முழு நூலையும் தேடி எடுத்து 1910-இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அடுத்த ஆண்டே அரசு தடை விதித்தது. பல ஆண்டுகள் தடை நீங்கவில்லை. குரலை மட்டும் வளர்த்திருந்தால் அந்தத் துணிச்சலும் படிப்பும் எங்கிருந்து வந்திருக்கும்?

மகள் பதின்பருவத்தில் இருக்கும்போதே புட்டலக்ஷ்மி காலமாகிவிட்டார். மைசூர் அரண்மனையில் மகள் பாடி ஆடியதை அவர் பார்க்கவில்லை. நீதிபதி நரஹரி ராயர் சொல்லி மகள் சென்னைக்குப் போனதையும், அங்கே புகழ் பெற்றதையும் பார்க்கவில்லை. திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியில் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார் நாகரத்னம்மா. 1921-இல் அடிக்கல், சில ஆண்டுகளில் குடமுழுக்கு. பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்ததை எதிர்த்துப் பெண்களுக்கென்றே தனி ஆராதனை நடத்தினார். அந்தக் கோயில் கல்வெட்டில் தன்னை அவர் எப்படிக் குறிக்கிறார் தெரியுமா? தேவதாசி என்று, மைசூர் புட்டலக்ஷ்மி அம்மாளின் மகள் என்று, சங்கீத ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பாவின் மாணவி என்று. ஊரார் மறைக்கச் சொன்ன பிறப்பை மறைக்காமல், தாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார். பெற்றவளின் பெருமைக்கு ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொன்னதாக வேறொரு சம்பவம் எனக்குத் தெரியாது.

நரஹரி ராயரின் பெயர் இன்றும் பெங்களூர் ஹனுமந்தநகர் குன்றின்மேல் நிற்கிறது. மேலே குமாரசாமி கோயில் இருக்கிறது. அந்தக் குன்றுக்குப் பக்கத்தில் கவிபுரம். நாகரத்னம்மாவுக்கு அரை நூற்றாண்டு பின்னால், 1929-இல் பிறந்த கணக்கு மேதை சகுந்தலா தேவி வளர்ந்த இடம் அது. அவருடைய திறமை எண்களில் என்பதால் அதைப் படைப்புக் கணக்கில் சிலர் சேர்க்கமாட்டார்கள். ஆனால் அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது, எண்களோடு விளையாடுவதாக இருந்தது. எனக்கு அது போதும். தந்தை சர்க்கஸ்காரர், கம்பிமேல் நடப்பார், வித்தை காட்டுவார். மூன்று வயது மகளோடு சீட்டு விளையாடும்போது, அவள் சீட்டுகளை வரிசையாக மனதில் வைத்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார். சர்க்கஸை விட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கணக்குக் காட்சி நடத்தினார். ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் காட்சி. 1944-இல் லண்டன். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடிகளில் பெருக்கிச் சொன்னார். முறையான பள்ளிப் படிப்பு மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தத் தந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிசைப் பகுதியில் இருந்த ஏழைக் குடும்பத்துக்கு அந்தக் குழந்தையின் மூளைதான் அரிசியாக மாறியது. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அவரும் பெருமைப்பட்டார், புட்டலக்ஷ்மியும் பெருமைப்பட்டார். இருவருமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் போன ஊரிலெல்லாம் பார்வையாளர்களைத் தேடினார். மற்றவர் ஆசிரியர்களைத் தேடினார். வறுமை இருவருக்கும் இருந்தது. பார்வையாளர்கள் முன் நிற்கும் குழந்தை தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிரியர் முன் உட்காரும் குழந்தைக்குத் தெரியாததைச் செய்து தடுமாற அனுமதி உண்டு.

இன்றைய பெங்களூரில் அக்கா பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது. மாகடி சாலைப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறாள். மில்கள் நின்ற நிலத்தில் எல்லாம் இப்போது மாடிகள்தான். மென்பொருள் வேலையில் இருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நல்லவர்கள், அன்பானவர்கள். பணத்துக்குக் குறைவில்லை. சுருதிப் பெட்டி கைப்பேசியிலேயே இருக்கிறது. பெண் பாடினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. எங்கள் அப்பாவைத் தடுத்த எதுவும் இவர்களைத் தடுக்கவில்லை. கண் படும் என்ற பயமும் போய்விட்டது. அல்லது போனமாதிரி இருக்கிறது. குழந்தை சரளி வரிசை பாடும் காணொளியை உறவினர் குழுவில் போட்டுவிட்டு, கீழே நீல நிறக் கண்மணிப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

அன்று அடக்கி வைத்த பெருமை இன்று கட்டவிழ்ந்து ஓடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. "நீ நல்லா பாடுறே" என்று அப்பா வாயிலிருந்து ஒருமுறை கேட்டிருந்தால் அக்கா இன்னும் கொஞ்சம் துணிந்திருப்பாளோ என்று நான் நினைத்ததுண்டு. ஆகவே பிள்ளையைக் கட்டிக்கொண்டு புகழும் பெற்றோரை நான் பழிக்கமாட்டேன். என் கவலை வேறு. சேர்ந்த இரண்டாம் மாதம், "எப்ப மேடையில பாட வைக்கலாம் மேடம்?" என்று கேட்கிறார்கள். மூன்றாம் மாதம், தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்ப எந்தப் பாட்டு சரியாக இருக்கும் என்று கேட்கிறார்கள். நாலு காணொளி எடுத்த பிள்ளைக்குப் பிழையாகப் பாடப் பயம் வந்துவிடுகிறது. தெரிந்த கீர்த்தனையையே பாடும். புதுசு ஆரம்பித்தால் முகம் சுருங்கும். இதை அக்கா வாரந்தோறும் பார்க்கிறாள். திறமை இல்லாத பிள்ளைகளை இது பெரிதாகப் பாதிப்பதில்லை என்கிறாள். நிஜமாகவே காது உள்ள பிள்ளைகள்தான் முதலில் வாடிப்போகிறார்கள்.

அதே அடுக்ககத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு காவலாளி இருக்கிறார். மனைவி வீடுகளில் வேலை செய்கிறார். கீழ்த்தளத்தில், மின்மானி அறையை ஒட்டி அவர்கள் குடியிருப்பு. பையன் படம் வரைவான். வீடு வீடாக வரும் பார்சல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து உட்பக்கத்தில் வரைகிறான். பழுப்பு அட்டையில் கறுப்புப் பேனாவும் சுண்ணாம்புக் கட்டியும்தான். மழைக்கு ஒதுங்கிய டெலிவரி பையன்கள், தண்ணீர் லாரியின் குழாயைத் தோளில் போட்டு இழுக்கிறவர், மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மெட்ரோ பாலம். எங்கே நிழல் விழும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுடைய அப்பாவிடம் நான் வியந்து சொன்னபோது, "சும்மா கிறுக்குவான் சார்" என்றார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஸ்ரீராமபுரம் அப்படியே எதிரே நின்று பேசியதுபோல் இருந்தது எனக்கு. சொல்லிவிட்டு அவர் செய்த காரியமும் அதே வகைதான். நல்ல அட்டையாகப் பொறுக்கி, பசை நாடாவைக் கிழியாமல் உரித்து, அளவாக வெட்டி, காவலாளி அறைக்குப் பின்னால் மழை படாமல் அடுக்கி வைத்திருந்தார்.

ஜனவரியில் குமாரகிருபா சாலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிகளுக்கு மூடிவிட்டு சித்ர சந்தை நடக்கும். கர்நாடக சித்ரகலா பரிஷத் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்துகிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஓவியர்கள் வந்து நடைபாதையில் படங்களை விரித்து உட்காருவார்கள். சீட்டு கிடையாது, உள்ளே வெளியே என்ற பேதம் கிடையாது. காவலாளி அன்றைக்கு விடுப்பு கேட்டு வாங்கிப் பையனைக் கூட்டிப்போனார். நானும் உடன் போயிருந்தேன். பையன் ஒரு முதிய ஓவியர் முன் நின்றுவிட்டான். அவர் எதிரே உட்காருகிறவர்களை உடனுக்குடன் கரியால் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் தள்ளியது, வெயில் ஏறியது. பையன் நகரவில்லை. ஓவியர் முதலில் கண்ணை வரைவார் என்று நான் நினைத்தேன். அவர் நெற்றியும் மூக்கும் சேரும் கோட்டிலிருந்து தொடங்கினார். பையனுடைய சுட்டுவிரல் அவன் தொடைமேல் அதே கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது. நான் திரும்பி அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஓவியரையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. மகனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கப்பன் பூங்காவில் உள்ள ஜவஹர் பால பவனத்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தைகளுக்கான அரசு சார்ந்த நிறுவனம். ஓவியம், கைவினை என்று கற்றுக்கொடுக்கிறார்கள். எவ்வளவு ஆகும், எந்தப் பஸ், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டார். பையனுக்குப் பரிசு கிடைக்குமா என்று கேட்கவில்லை.

அக்காவின் வகுப்பில் இப்போது ஒரு மாற்றம். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ப் பாடம் முடிந்ததும் வரலாம் என்பதை அவள் நிறுத்திவிட்டாள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் கூடவே உட்கார வேண்டும். கைப்பேசியை வாசலில் வைத்துவிட வேண்டும். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு குடும்பங்கள் நின்றும் போயின. போன மாதம் சேர்ந்த ஓர் ஏழு வயதுப் பெண்ணின் தாய், "என் பொண்ணுக்கு நிஜமாவே டேலண்ட் இருக்கா மேடம்? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அக்கா, "இருக்கு. உங்களுக்கு ஆதி தாளம் போடத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றார். இப்போது அவர் மகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாளம் பழகுகிறார். எட்டு அட்சரத்தில் ஏழாவதில் தவறுகிறார். மகள் பாடிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துத் திருத்துகிறாள்.